எம்டனின் கரியும் இன்றைய ஏவுகணையும்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டுப் போனது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். அந்தக் காரியம் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் கப்பல் எப்படி வயிற்றைக் கழுவியது, யாரிடமிருந்து தகவல் பெற்றது என்பதுதான் பெரிய கதை.

எம்டன் நிலக்கரியில் ஓடியது. இந்தியப் பெருங்கடலில் அதற்குக் கரி கொடுக்க நட்புத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலைக் கூடவே அழைத்து வந்தார். அது போதாதபோது பிடிபட்ட கப்பல்களின் கரியை எடுத்துக்கொண்டார். செப்டம்பர் கடைசியில் சிக்கிய ப்யூரெஸ்க், பிரிட்டிஷ் கடற்படைக்கென்றே உயர்தர வேல்ஸ் கரி கொண்டுவந்த கப்பல். எதிரியின் கரியை எரித்தே எதிரியை வேட்டையாடினார். கரி ஏற்றுவதோ நரக வேலை. ஆளரவமற்ற தீவோரம் ஒதுங்கி, இரண்டு கப்பல்களையும் அணைத்துக் கட்டி, வெயிலில் மாலுமிகள் மூட்டை மூட்டையாகச் சுமக்க வேண்டும். அந்நேரம் எதிரி வந்துவிட்டால் தப்ப வழியில்லை.

உளவுக்கு? பிடித்த கப்பல்களில் கிடந்த செய்தித்தாள்கள்! எந்தக் கப்பல் எப்போது எங்கே போகிறது என்பதைப் பத்திரிகைகளே அச்சிட்டுக் கொடுத்தன. கம்பியில்லாத் தந்தியில் தான் வாய் திறக்காமல், பிறர் பேசுவதை மட்டும் முல்லர் ஒட்டுக்கேட்டார். மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாகப் பொய்யாக ஒன்றை நிறுத்தி, தூரத்துக்குப் பிரிட்டிஷ் கப்பல்போலக் காட்டிக்கொண்டார். அக்டோபரில் டியேகோ கார்சியாவில் ஒதுங்கியபோது, அங்கிருந்தவர்களுக்குப் போர் தொடங்கிய சேதியே எட்டியிருக்கவில்லை. ஜெர்மானியர் சாவகாசமாகக் கரி ஏற்றினார்கள். தீவுக்காரர்களின் மோட்டார் படகையும் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள்.

நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கினார் முல்லர். நிலையத்தார் அதற்குள் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். அடிவானில் புகை தெரிந்தபோது, கரியோடு வரும் ப்யூரெஸ்க்தான் என்று எம்டனில் முதலில் நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி.

அதே டியேகோ கார்சியா இன்று அமெரிக்கப் படைத்தளம். அங்கே வாழ்ந்த சாகோஸ் மக்கள் 1970களின் தொடக்கத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் காயலில் இப்போது போர்த்தளவாடங்களை நிரப்பிய கப்பல்கள் தயாராக நிற்கின்றன.

இன்று பொய்ப் புகைபோக்கி யாரையும் ஏமாற்றாது. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்குக் குறையாத வணிகக் கப்பல், தன் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் ஏஐஎஸ் கருவி வழியே தானே அறிவிக்க வேண்டும். அரக்கோணம் ராஜாளி தளத்தின் பி-8ஐ விமானங்கள் கடலைத் துழாவுகின்றன. 2018இல் குருகிராமில் திறக்கப்பட்ட இந்தியக் கடற்படை மையம் வணிகக் கப்பல் போக்குவரத்தைத் திரையில் கவனிக்கிறது. ஆனால் கப்பலின் ஏஐஎஸ் அறிவிப்பு எல்லோர் காதிலும் விழுகிறது. 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்களின் தாக்குதல் தொடங்கியபின் பல கப்பல்கள் ஏஐஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓடின. முல்லருக்குச் செய்தித்தாள் செய்த உதவியை இன்று கைபேசிச் செயலியே எவருக்கும் செய்துவிடும்.

எரிபொருள் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. நமது தீபக், சக்தி போன்ற எண்ணெய்க் கப்பல்கள் ஓடிக்கொண்டே பக்கத்துக் கப்பலுக்குக் குழாய் வழியே எண்ணெய் கொடுக்கின்றன. ஏவுகணைக்கு அந்த வசதி இல்லை. செங்கடலில் ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்திய அமெரிக்கக் கப்பல்கள், மேல்தளத்தில் செங்குத்தாகப் பொருத்திய ஏவுகுழாய்கள் காலியானால் மறுபடி நிரப்பத் துறைமுகம் தேடிப் போக வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் செலவழித்தவர்களும் முல்லரின் கவலையிலேயே வந்து நிற்கிறார்கள். ஓடும் கப்பலில் ஏவுகுழாயை நிரப்ப ஒரு பாரந்தூக்கும் கருவியை அமெரிக்கக் கடற்படை 2024 அக்டோபரில் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் சோசின் கப்பலில் சோதித்தது. கடலில் நடந்த அந்த முதல் சோதனையில் ஏற்றியது ஏவுகணையின் வெற்று உறையைத்தான்.