போர் நாட்டுக் குழந்தைக்கு பெங்களூரு இல்லத்தில் இடம் உண்டா?

புது தில்லி: போரில் பெற்றோரை இழந்த குழந்தையின் படத்தைக் காணும்போது, "இக்குழந்தையை நாமே வளர்த்தால் என்ன?" என்று பல இல்லங்களில் கேள்வி எழுவது இயல்பு. பெங்களூரைச் சேர்ந்த ஒரு தம்பதி அவ்வாறு முன்வந்தால் சட்டம் இடம் தருகிறதா?

வழி உண்டு, ஆனால் குறுகலான வழி. தத்தெடுப்பு நடைமுறைகள் முதலில் குழந்தையின் நாட்டுச் சட்டப்படி நிறைவேற வேண்டும். இங்கே தம்பதியின் குடும்பச் சூழல் குறித்த அறிக்கையை ஆராய்ந்து, மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் ஒப்புதல் அளிக்க வேண்டும். அதன் பின்னர் இந்தியத் தூதரகத்தின் விசாவும், உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும் தேவை. 1993-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றுக் கொண்டது.

போர் நாடுகளில் முதல் படியே தடையாகிவிடுகிறது. நீதிமன்றமும் பதிவேடும் முடங்கிய இடத்தில், குழந்தைக்கு உறவினர் எவரும் இல்லை என்று உறுதி செய்வது யார்? 2022-இல் போர் மூண்டதும் உக்ரைன் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2007-இல் பிரெஞ்சுத் தொண்டு அமைப்பு ஒன்று, சூடானின் டார்ஃபர் பகுதி அநாதைகள் என்று கூறி 103 குழந்தைகளை சாத் நாட்டிலிருந்து விமானத்தில் அழைத்துச் செல்ல முயன்றது. அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பம் இருந்தது விசாரணையில் தெரிய வந்தது. அமைப்பைச் சேர்ந்த ஆறு பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

தத்தெடுக்காமலும் குழந்தையைக் காக்கலாம் என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று உள்ளது. 1960-களில் அன்றைய மைசூர் அரசு பைலகுப்பேயில் திபெத்திய அகதிகளுக்கு நிலம் வழங்கியது. அங்குள்ள திபெத்தியக் குழந்தைகள் கிராமத்தில், வளர்ப்புத் தாயின் பராமரிப்பில் குழந்தைகள் தங்கள் மொழியை இழக்காமல் படிக்கின்றனர். வெளியிலுள்ளோர் படிப்புச் செலவை ஏற்று உதவுகின்றனர்.

ஆனால் இது அரசின் முடிவால் கிடைத்த சலுகையே. சட்டம் தந்த உரிமை அல்ல. அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. 2015-இல் சசி தரூர் மக்களவையில் கொண்டு வந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

தொலைவிலுள்ள குழந்தையை அழைத்து வர விரும்புவோரின் பரிவு மதிக்கத்தக்கது. ஏற்கெனவே இந்தியாவில் அடைக்கலம் தேடி வந்துள்ள குழந்தைகளின் நிலையை வரையறுக்க வேண்டிய பொறுப்போ நாடாளுமன்றத்துடையது.