பவழம் கேட்கும் சுண்ணாம்பு

வெற்றிலை போடும் வீடுகளில் சுண்ணாம்பின் அளவைப்பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குறைந்தால் வாய் சிவக்காது. கூடினால் நாக்கு வெந்துபோகும். கடலுக்கடியில் வாழும் பவழப் பூச்சிக்கும் இதே சங்கடம் உண்டு என்று நாம் சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் பவழத்தைக் கடலிலிருந்து பிரித்துக் கண்ணாடித் தொட்டியில் குடிவைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதற்குச் சுண்ணாம்பு அளந்து கொடுப்பதுதான் அவர்களுடைய அன்றாடக் கவலை.

ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பவழம் வளர்ப்பது பலருக்கு வீட்டுப் பொழுதுபோக்கு. கூடத்து மூலையில் 400 லிட்டர் உப்பு நீர். மேலே பிரகாசமான விளக்கு. உள்ளே மரக்கிளைபோல் கப்பும் கவடுமாக வளரும் பவழம். பார்ப்பவர் சிலர் அதைச் செடி என்பார்கள். சிலர் கல் என்பார்கள். உண்மையில் அது எண்ணற்ற சிறு பிராணிகள் கூடி வாழும் குடியிருப்பு. ஒவ்வொரு பிராணியின் சதைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெளிச்சத்தைக்கொண்டு ஆகாரம் சமைத்துத் தருகிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுப் பூச்சி தன் அடியில் கல்வீடு கட்டிக்கொண்டே போகிறது. ஜமைக்காத் தீவில் ஆராய்ச்சி செய்த தாமஸ் கோரோ என்ற விஞ்ஞானி, கதிரியக்கமுள்ள கால்ஷியத்தை நீரில் கலந்து பரிசோதித்து, இருளில் கட்டுவதைவிட வெளிச்சத்தில் பவழம் வேகமாகக் கட்டுகிறது என்று 1959-ல் வெளியிட்டார்.

வீடு கட்டச் சாமான் வேண்டுமல்லவா? பவழத்துக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று கால்ஷியம். மற்றொன்று பைகார்பனேட்டு, இதைக் 'காரத்தன்மை' என்ற அளவினால் கணக்கிடுகிறார்கள். மிளகாய்க் காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமிலம் வந்து சேர்ந்தால் அதை எதிர்த்துத் தாங்கும் சக்திதான் காரத்தன்மை.

இந்த இரண்டில் பெயர் பெற்றது கால்ஷியம். தொட்டியைக் கவிழ்ப்பது காரத்தன்மை. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் இதுவே. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கால்ஷியம் இருக்கிறது. காரத்தன்மையோ ஜெர்மானியர் அளவுப்படி சுமார் 7 டிகிரிதான். பவழம் 20 மில்லிகிராம் கால்ஷியத்தை எடுக்கும்போது கூடவே 2.8 டிகிரி காரத்தன்மையையும் எடுத்துக்கொள்கிறது. இப்போது கணக்குப் பாருங்கள். கால்ஷியம் 420-லிருந்து 400-க்கு வந்தது. இருபதில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. காரத்தன்மை 7-லிருந்து 4.2-க்கு இறங்கிவிட்டது, ஐந்தில் இரண்டு பங்கு காலி! முன்னது நெற்குதிர், பின்னது இடுப்பில் செருகிய சுருக்குப் பை. குதிரை எட்டிப் பார்த்து நிம்மதியாகத் தூங்கியவன் காலையில் பையில் காசில்லாமல் விழிப்பான். ஆகையால் கைதேர்ந்தவர்கள் காரத்தன்மையையே அடிக்கடி சோதிக்கிறார்கள். நீரைச் சிறு குப்பியில் எடுத்து, சாயம் கலந்து, நிறம் மாறும் வரையில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினால் விடை கிடைத்துவிடும். ஐந்து நிமிஷ வேலை.

குறைந்ததை எப்படி ஈடு செய்வது? இங்கேதான் நமது பழைய சிநேகிதமான சுண்ணாம்பு வருகிறது. சுத்தமான சுண்ணாம்பு லிட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிராம்தான் நீரில் கரையும். மிச்சம் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1970-களில் இந்த முறையை ஐரோப்பாவில் பரப்பினார். ஜெர்மன் மொழியில் இதற்குக் 'கால்க்வாசர்' என்று பெயர்; அதாவது சுண்ணாம்பு நீர், வேறொன்றும் இல்லை. இதன் விசேஷம் என்னவென்றால், பவழம் எந்த விகிதத்தில் இரண்டு சாமான்களையும் செலவழிக்கிறதோ அதே விகிதத்தில் இது இரண்டையும் திருப்பிக் கொடுக்கிறது. 400 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர் ஆவியாகிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிவை விட்டால், கால்ஷியம் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராமும், காரத்தன்மை 1 டிகிரிக்குச் சற்று அதிகமாகவும் ஏறும்.

ஆனால் அவசரம் கூடாது. தெளிவு கண்ணாடிபோல் இருந்தாலும் பொல்லாதது. கையை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில், மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு அதன்மேல் வெள்ளை ஆடை படியச் செய்து வீரியத்தைக் கெடுத்துவிடும். தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டினாலோ, நீர் முழுவதும் பனி பெய்தாற்போல் வெளுத்து, பவழத்துக்குச் சேர வேண்டிய சுண்ணாம்பெல்லாம் பம்பின்மேல் கல்லாய் ஒட்டிக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக, அதுவும் இரவில் விடுவதே உசிதம். விளக்கணைந்த பிறகு பாசி கரியமில வாயுவை உண்பதில்லையாதலால் நீர் அமிலப் பக்கம் சாயும். சுண்ணாம்பு அதை நிமிர்த்தும். மக்னீஷியத்தையும் மறந்துவிடக் கூடாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1,290 மில்லிகிராம் இருக்கும் அந்த உப்புத்தான், கால்ஷியமும் கார்பனேட்டும் நடுவழியிலேயே கட்டிக்கொள்ளாமல் தடுத்து நிற்கிறது.

ஜெர்மானியர் சுண்ணாம்பு ஊற்றிப் பவழம் வளர்க்க, நம் மன்னார் வளைகுடாக் கரையிலோ வெகு காலம் பவழத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள்! அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலில் மூழ்கிப்போனதற்குப் பாறையை வெட்டியதும் ஒரு காரணம். கல் கட்டும் பவழங்களை 2001 முதல் நம் நாட்டுச் சட்டம் புலிக்குச் சமமாகப் பாதுகாக்கிறது. ஆகவே கடலிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வந்து வளர்க்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

பெரிய தொட்டிக்காரர்கள் வேறொரு யுக்தி செய்கிறார்கள். செத்த பவழத்தின் சிதைந்த துண்டுகளைக் குழாயில் அடைத்து, கரியமில வாயுவைச் செலுத்திக் கரைத்து, அந்த நீரை உயிருள்ள பவழத்துக்கு ஊட்டுகிறார்கள். பாட்டன் எலும்பைக் கரைத்துப் பேரனுக்கு வீடு கட்டுவது என்று சொல்லலாம்.

அதே கரியமில வாயு திறந்த கடலில் செய்யும் வேலை வேடிக்கையானதல்ல. ஆலைகளும் மோட்டார்களும் கக்கும் வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கடலில் கரைந்து, அங்குள்ள கார்பனேட்டைக் குறைத்துவிடுகிறது. இதன் பலனை விஞ்ஞானிகள் தெளிவாகக் கண்டது ஒரு பெருந்தொட்டியில்தான். அமெரிக்காவின் அரிஸோனாப் பாலைவனத்தில், மனிதர்கள் அடைபட்டு வாழ்ந்து பார்ப்பதற்காக 1991-ல் கட்டி முடித்த 'பயோஸ்பியர்-2' என்ற கண்ணாடி மாளிகைக்குள் சுமார் 26 லட்சம் லிட்டர் கொண்ட செயற்கைக் கடல் ஒன்று உண்டு. மனிதர்கள் வெளியேறிய பின், கிறிஸ் லாங்டனும் அவருடைய குழுவினரும் அந்த நீரின் கால்ஷியத்தையும் காரத்தன்மையையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். கார்பனேட்டின் நிறைவு எவ்வளவு குறைந்ததோ, அதற்குத் தக்கபடி பவழப் பாறையின் கட்டுமானமும் குறைந்தது. 2000-ஆம் ஆண்டில் அவர்கள் அதை வெளியிட்டார்கள்.

அப்படியானால் கடலுக்கே காரம் ஊட்டினால் என்ன? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவழத் திட்டிலுள்ள ஒன் ட்ரீ தீவில், ரெபெக்கா ஆல்பிரைட்டும் கென் கால்டெய்ராவும் 2014-ல் பாறைமேல் ஓடும் நீரில் காஸ்டிக் ஸோடாவைக் கலந்து, அதன் இரசாயனத்தை ஆலைகள் தோன்றுவதற்கு முந்திய நிலைக்கு அருகே கொண்டுவந்தார்கள். பாறையின் கட்டுமானம் சுமார் 7 சதவிகிதம் கூடிற்று. பரிசோதனை நடந்தது ஒரு சிறு பாறைப் பரப்பில். அந்தப் பெரும் பவழத் திட்டின் முழு நீளம் 2,300 கிலோமீட்டர்.