நம் குடத்துத் தண்ணீர் வந்த வழி

விடியற்காலை நேரம். தாராவியில் ஒரு சந்து. குழாயடியில் குடங்கள் வரிசையாக இருக்கின்றன. சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். அதற்குள் பிடித்துவிட வேண்டும்.

அம்மாவோடு வந்த சிறுமி கேட்கிறாள்.

"அம்மா, இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?"

"குழாயிலேயிருந்துதான்."

"குழாய்க்கு எங்கேயிருந்து வருது?"

அம்மா சிரிக்கிறாள். அவளுக்கும் பதில் தெரியவில்லை. நம்மில் பலருக்கும் தெரியாது. அந்தக் கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறோம்.

கிணறும் குளமும்

மும்பை முன்பு ஏழு தீவுகளாக இருந்தது. சுற்றிலும் கடல். கடல் நீரைக் குடிக்க முடியுமா? மக்கள் கிணற்று நீரையும் குளத்து நீரையும் நம்பி வாழ்ந்தார்கள்.

துறைமுகம் வளர்ந்தது. வேலை தேடி மக்கள் வந்தார்கள். கூட்டம் பெருகியது. கிணறுகள் பெருகவில்லை.

1850களில் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின. தொலைவில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து நகரத்துக் கிணறுகளில் ஊற்றினார்கள். ஆடு மாடுகளை நகரத்துக்கு வெளியே ஓட்டிச் செல்லும்படி அரசு சொன்னது. மனிதர் குடிக்கவே தண்ணீர் இல்லை. மாட்டுக்கு எங்கே போவது?

இனிக் கிணற்றை நம்பிப் பயன் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது.

முதல் அணை

ஊரில் கல்லணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் பாபநாசம் அணையைப் பார்த்திருப்பீர்கள். ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவதுதான் அணை. மழைக் காலத்தில் நான்கு மாதம் பெய்யும் நீரைச் சேர்த்து வைத்தால் ஆண்டு முழுவதும் குடிக்கலாம்.

மும்பைக்கு வடக்கே காட்டு மலைகள் உண்டு. அங்கே மித்தி ஆற்றின் பள்ளத்தாக்கில் அணை கட்ட முடிவானது. ஹென்றி கோனிபியர் என்ற பொறியாளர் திட்டம் போட்டார். 1856இல் வேலை தொடங்கியது. 1860இல் விஹார் ஏரியிலிருந்து நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நாளொன்றுக்கு 3 கோடியே 20 லட்சம் லிட்டர். இந்தியாவில் முதன்முதலில் வந்த குழாய்க் குடிநீர்த் திட்டங்களில் இதுவும் ஒன்று.

மித்தி ஆறு எது தெரியுமா? தாராவியின் ஓரமாக ஓடி மாஹிம் அருகே கடலில் சேரும் அதே ஆறுதான். மித்தி என்றால் இனிப்பு என்று பொருள். அதன் தொடக்கத்தில் நகரம் குடிநீர் எடுத்தது. கீழே வரும்போது அதே ஆற்றில் நகரம் கழிவைக் கொட்டியது.

தான்சா: கல்லில் கட்டிய பெரிய அணை

விஹார் நீரும் போதவில்லை. 1879இல் துளசி ஏரி வந்தது. அதுவும் போதவில்லை. அடுத்து பவாய் ஏரியை உண்டாக்கினார்கள். அதன் நீர் குடிக்கத் தகுந்ததாக இல்லை.

அப்போது பொறியாளர்கள் நகரத்துக்கு வெளியே தொலைவில் பார்த்தார்கள். தானே மாவட்டம் ஷஹாபூர்ப் பக்கம் தான்சா என்ற ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே கல்லால் ஒரு பெரிய அணை எழுந்தது. நீளம் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோமீட்டர். 1892இல் தான்சா நீர் மும்பைக்கு வந்தது.

அணைக்கும் நகரத்துக்கும் இடையே 80 கிலோமீட்டருக்கு மேல் தூரம். மின்சார மோட்டார் வைத்து இழுக்கவில்லை. தண்ணீர் எப்படி வந்தது?

ஒரு டிரம்மை உயரத்தில் வையுங்கள். அதன் அடியில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்திக் கீழே விடுங்கள். தண்ணீர் தானே இறங்கி வரும். தான்சா ஏரி மேட்டில் இருக்கிறது. மும்பை தாழ்வில் இருக்கிறது. மேட்டிலிருந்து தாழ்வுக்குக் குழாய் பதித்தார்கள். அதனால் தண்ணீர் தானாகவே ஓடி வந்தது. இன்றும் மும்பைக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு இப்படித்தான் இறங்கி வருகிறது.

தாராவியில் பெரிய இரும்புக் குழாய்கள் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மேல் நடந்தும் போயிருப்பீர்கள். ஏரித் தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள்தான் ஓடுகிறது.

இன்று ஏழு ஏரிகள்

சுதந்திரத்துக்குப் பின் வைதர்ணா ஆற்றில் அணைகள் வந்தன. அவற்றில் ஒன்றின் நீர்த்தேக்கத்துக்கு மோடக் சாகர் என்று பெயர். மோடக் என்பவர் மும்பை மாநகராட்சியின் பொறியாளர். பிறகு பாத்சா அணை வந்தது. 2014இல் நடு வைதர்ணா அணை வந்தது.

இப்போது விஹார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாத்சா என்று ஏழு ஏரிகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 385 கோடி லிட்டர் வருகிறது. 1860இல் வந்ததைப் போல் நூறு மடங்குக்கும் மேல். பாண்டுப் போன்ற இடங்களில் நீரைச் சுத்தம் செய்கிறார்கள். குளோரின் கலக்கிறார்கள். பிறகு நமக்கு அனுப்புகிறார்கள்.

அருகில் இருந்தும் தாகம்

அணை இருக்கும் ஷஹாபூர்ப் பகுதியில் கோடைக் காலத்தில் பல கிராமங்களில் குடிநீர் இல்லை. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் ஊர் ஆற்று நீர்தான் மும்பைக்கு வருகிறது.

நகரத்திலும் இதே கதைதான். பெரிய குழாய்க்குப் பக்கத்திலேயே குடிசை இருக்கும். குடிசையில் குழாய் இருக்காது. நகரத்தின் கணக்கில் கட்டட வீட்டில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசையில் இருப்பவருக்கு 45 லிட்டர் என்று நீண்ட காலம் வைத்திருந்தார்கள். 1995க்குப் பிறகு வந்த குடிசைகளுக்குக் குழாய் கிடைப்பது மிகவும் கடினமாக இருந்தது.

தான்சா குழாயின் ஓரத்தில் இருந்த குடிசைகளை அகற்றும்படி நீதிமன்றம் சொன்னது. குழாய்க்கு ஆபத்து வரக்கூடாது என்பது காரணம். ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் செம்பூர் அருகே மாஹுலுக்கு அனுப்பினார்கள். அங்கே எண்ணெய் ஆலைகள் உண்டு. காற்று கெட்டுக் கிடந்தது. பலர் நோயில் விழுந்தார்கள். மக்கள் போராடினார்கள். வழக்கும் போட்டார்கள். வேறு இடத்தில் வீடு கொடுங்கள், இல்லாவிட்டால் வாடகைப் பணம் கொடுங்கள் என்று 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

தண்ணீர் நம் உரிமை

பானி ஹக் சமிதி என்ற அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தண்ணீர் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது. குடிசை சட்டப்படி கட்டப்படாததாக இருக்கலாம். அதற்காக அங்கே வாழ்பவருக்குத் தண்ணீர் மறுக்க முடியாது. இதுதான் தீர்ப்பு. 2022இல் எல்லோருக்கும் தண்ணீர் என்ற திட்டத்தை மாநகராட்சி அறிவித்தது.

குழாய் இல்லாத குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். மனுவின் நகலைப் பத்திரமாக வையுங்கள். கொடுத்த தேதியை எழுதி வையுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும் அல்லவா?

நாம் செய்யக் கூடியது

சில மணி நேரம் மட்டும் தண்ணீர் வருவதால் மற்ற நேரம் குழாய் காலியாக இருக்கிறது. குழாயில் ஓட்டை இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே புகும். குழாயில் மோட்டார் வைத்து இழுத்தால் இன்னும் அதிகமாகப் புகும். பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் போகாது. ஆகவே மோட்டார் வைத்து இழுக்காதீர்கள். கசிவைக் கண்டால் உடனே புகார் கொடுங்கள். குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடியுங்கள்.

நாளைக் காலை அந்தச் சிறுமி மறுபடியும் கேட்பாள். இப்போது அம்மாவிடம் பதில் உண்டு. "தான்சா, வைதர்ணான்னு தூரத்து மலையிலேயிருந்து வருது கண்ணு. ஒரு சொட்டும் சிந்தாமப் பிடி."

சேர்ந்து பேசுவோம்

1. தான்சா நீர் மோட்டார் இல்லாமல் எப்படி மும்பைக்கு வந்தது?
2. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது? ஆளுக்கு எவ்வளவு?
3. உங்கள் சந்தில் குழாய் இல்லாத குடும்பங்கள் எத்தனை? அவர்களுக்காக ஒரு மனு எழுதிப் பாருங்கள்.