நெடுந்தீவுக்கு ஒரு படகுப் பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, பாக் நீரிணையில் தீவுகள் பல சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் வேலணையையும் புங்குடுதீவையும் கடல்மேல் அமைத்த சாலைகள் நிலத்தோடு இணைத்துவிட்டன. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கு இன்றும் படகே வழி. புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவைச் சிறிது நேரத்திலேயே அடைந்துவிடலாம். நெடுந்தீவை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். பவளக்கல்லால் அடுக்கிய மதில்களையும், ஐரோப்பியர் காலத்துக் கோட்டையின் இடிபாடுகளையும், வெட்டவெளியில் மேயும் மட்டக் குதிரைகளையும், பருத்த பெருக்க மரத்தையும் காணப் பலர் அங்குச் செல்கின்றனர்.

ஒரு மணி நேரப் பயணந்தானே என்ற எண்ணமே இங்கு முதல் இடர். அக்கரையில் காணவேண்டியவற்றைப் பட்டியலிடுவோர், எந்நேரத்தில் எக்கடலில் மீள்வோம் என்று கணக்கிடுவதில்லை. கடற்பயணத் திட்டம் என்பது பெரும்பாலும் திரும்பி வருவதற்கான திட்டமே.

அத்திட்டம் காற்றிலிருந்து தொடங்குகிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து வருவது கச்சான் என்று யாழ்ப்பாணக் கடலோடிகள் காற்றுக்குப் பெயர் வழங்குகின்றனர். வாடையும் கொண்டலும் பழந்தமிழ் இலக்கியத்திலும் பயில்வன. அங்கே கோடை எனப்படும் மேல்காற்றே இங்குக் கச்சான் ஆகிறது. புலவனுக்குப் பருவத்தை உணர்த்திய பெயர்கள் கடலோடிக்குப் படகை இறக்கலாமா, கூடாதா என்பதை உணர்த்துகின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இத்தீவுகளின் திறந்த பக்கத்தைத் தாக்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையோடு புயல்களும் வரக்கூடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், இலங்கையின் வடபகுதியைக் கடந்தே இந்நீரிணையை அடைந்தது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். உல்லாசப் பயணத்துக்கு ஏற்ற காலம் அதுவே.

அமைதியான மாதத்திலும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு போக்கு உண்டு. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று வீசுகிறது. காலையில் கண்ணாடிபோலக் கிடந்த நீர் பிற்பகலில் அலையெழுந்து நிற்பது இதனால்தான். பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவு. ஆழமற்ற கடலில் எழும் அலைகள் உயரம் குறைந்தனவாயினும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். ஓர் அலையிலிருந்து சிறுபடகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து மோதும். ஆழமில்லாத கடலில் என்ன அச்சம் என்று எண்ணுவோர் இதனை அறியார்.

காற்றின் வலிமையை மதிப்பிடக் கரையில் நின்று பார்க்கும் கண்ணே போதும். 1805இல் பியூபோர்ட் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி வகுத்த அளவைப்படி, அலைமுகட்டில் ஆங்காங்கே வெண்ணுரை தோன்றினால் அது மூன்றாம் நிலை. வெண்ணுரை பரவலாகத் தெரிந்தால் நான்காம் நிலை. காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று பொருள். சிறிய படகில் குழந்தைகளோடு செல்வோர் நான்காம் நிலையில் கரையைவிட்டு நீங்காதிருப்பதே அறிவுடைமை.

அடுத்தது படகு. எத்தனை பேர் ஏறலாம் என்பதைவிட, ஏறியவர்கள் எங்கே அமர்கிறார்கள் என்பது சில வேளைகளில் முதன்மையாகிறது. மேல்தளத்தில் ஆட்கள் பெருகினால் படகின் எடைமையம் உயர்கிறது. எல்லாரும் ஒரு பக்கம் நகர்ந்தால் அம்மையம் பக்கவாட்டில் விலகுகிறது. ஓர் எல்லைக்கு மேல் சாய்ந்த படகு தானாக நிமிராது. கேரளத்தின் தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அங்கு அலையும் இல்லை, புயலும் இல்லை. உயிர்காப்பு மேலாடையை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதற்கும் அணிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இத்தகைய நொடியில்தான் விளங்குகிறது. கவிழும் படகில் அதைத் தேடி எடுத்து அணிய நேரம் கிடைக்காது. குழந்தைக்குப் பெரியவரின் மேலாடை பயன்படாது, அது கழன்றுவிடும்.

தனிப்படகு அமர்த்துவோர் எரிபொருளை மூன்று பங்காகக் கொள்வது வழக்கம்: போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று. கைப்பேசித் தொடர்பு கடலில் அறுந்துபோகலாம் என்பதால், 16ஆம் அலைவரிசையில் உதவி கோரும் கடல்சார் வானொலிக் கருவி படகில் இருத்தல் நன்று. இந்திய–இலங்கைக் கடல் எல்லை தொலைவில் இல்லை. ஆகவே திசை தவறுவது வெறும் காலதாமதமாக முடியாது.

நெடுந்தீவில் நிழல் குறைவு. நல்ல குடிநீரும் அரிது. தண்ணீரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டறிவது நன்று. வந்தவர்க்கு அது உல்லாசப் படகு. தீவினர்க்கோ மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் வழி. இடம் குறைந்த நாளில், நோயாளிக்கும் பணிக்குச் செல்பவருக்கும் விருந்தினர் விட்டுக்கொடுப்பதே முறை. அடுத்த படகு வரும்வரை காத்திருக்கும் நேரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்நிலையில் பயணத்தைக் கைவிடுவது என்பதை முதல்நாள் மாலையிலேயே உறுதிசெய்துவிட வேண்டும். விடுப்பு எடுத்து, பணம் செலுத்தி, குழந்தைகளோடு துறையில் வந்து நிற்கும்போது யாருக்கும் திரும்ப மனம் வராது. வெண்ணுரையைக் கண்ட கண்ணே அதைச் சிறிதாக்கிக் காட்டும். ஓட்டுநர் வேண்டாமென்றால் கூடுதல் பணம் காட்டி அவரை இசையவைக்க முயல்வோரும் உண்டு. பயணிகளின் பெயர், படகின் அடையாளம், செல்லும் தீவு, மீளும் நேரம், அந்நேரத்துக்குள் வாராவிட்டால் யாருக்குத் தெரிவிப்பது என்பவற்றைத் தாளில் எழுதி, கரையிலிருக்கும் ஒருவரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும். மாலையில் கரையேறியவுடன் முதலில் அவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். இல்லையேல், வீடு சேர்ந்துவிட்டவர்களைத் தேடி வேறொரு படகு இருளில் புறப்பட்டுவிடும்.