ஒரு கிபிர் விமானத்துக்கு எத்தனை தடவை காசு கட்டுகிறோம்?

2021 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு செய்தி வந்தது. இலங்கை விமானப்படையின் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றுடன் சுமார் 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானதாக அதில் இருந்தது. பத்திரிகையை வாசித்துக்காட்டச் சொன்ன பக்கத்து வீட்டு ஆச்சி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

“சண்டை முடிஞ்சு பன்னிரண்டு வருசமாச்சு. இன்னும் ஏனப்பு கிபிரைத் திருத்துகினம்? ஆற்ற காசு அது?”

எங்கள் தலைமுறைக்குக் கிபிர் என்பது ஒரு விமானத்தின் பெயர் மட்டுமல்ல. வானத்தில் இரைந்து வரும் எதுவும் எங்களுக்குக் கிபிர்தான். அந்தச் சத்தம் கேட்டதும் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருவன். அதனால் ஆச்சியின் முதல் கேள்வியை விளங்கிக்கொள்ள எனக்கு நேரம் எடுக்கவில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஆயுதத்தின் விலை என்பது வாங்கும் நாளில் கொடுக்கும் தொகை மட்டுமல்ல. இலங்கை முதன்முதலாகக் கிபிர் விமானங்களை வாங்கியது 1996 இல். 25 ஆண்டுகள் கழித்தும் அதே வகை விமானத்துக்காக டொலர் தேடவேண்டியிருந்தது. ஒரு போர் விமானத்தை வாங்கும் அரசு அதன் உதிரிப்பாகங்கள், எரிபொருள், விமானிப் பயிற்சி, திருத்த வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்தே வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கு பல அரசாங்கங்களையும் தாண்டி நீளும். கையெழுத்திட்டவர் பதவியில் இல்லாத காலத்திலும் பற்றுச்சீட்டு வந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சீட்டு டொலரில் வருவதுதான் அடுத்த சிக்கல். அரசாங்கம் வரி அறவிடுவது ரூபாயில். ஒப்பந்தம் கைச்சாத்தான காலத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அந்தக் கணக்கில் 50 மில்லியன் டொலர் என்றால் 1,000 கோடி ரூபாய். 2022 இல் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே 50 மில்லியன் 1,800 கோடி ரூபாய்க்குச் சமமாகிவிட்டது. விமானத்தில் ஒரு ஆணிகூடக் கூடவில்லை. ரூபாயின் பெறுமதிதான் இறங்கியது.

அந்த வருடம் ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாத நாடு ஆயுத ஒப்பந்தங்களுக்கு டொலரை எங்கிருந்து எடுக்கும்? இந்தக் கேள்வியைப் பாராளுமன்றத்தில் உரத்துக் கேட்டவர்கள் குறைவு.

சரி, ஆச்சி கேட்டதுபோல அது யாருடைய காசு?

1990 களில் அதற்கு வெளிப்படையான பெயரே இருந்தது. போர்ச் செலவுக்கென்று பாதுகாப்பு வரி கொண்டுவரப்பட்டது. பின்னர் அது தேசிய பாதுகாப்பு வரி எனப்பட்டது. இறக்குமதியாளரிடமும் உற்பத்தியாளரிடமும் அறவிடப்பட்டாலும் கடைசியில் அது கடைச் சாமான்களின் விலையோடுதான் சேர்ந்தது. கொழும்பிலோ வவுனியாவிலோ ஒரு சவர்க்காரம் வாங்கிய தமிழரும் அந்த வரியைக் கட்டினார்கள். தம் உறவுகள் இருந்த ஊர்களின் மேல் பறந்த விமானங்களுக்கும் அந்தக் காசில் பங்கு போனது.

2002 இல் அந்த வரி நீக்கப்பட்டு, பெறுமதி சேர் வரி என்ற வற் வந்தது. பெயர் போனாலும் செலவு போகவில்லை. இப்போது எல்லாம் ஒரே பெட்டிக்குள் போவதால் எது எதற்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற், 2024 ஜனவரியில் 18 வீதமானது. பெற்றோலும் சமையல் எரிவாயுவும் அதற்குள் வந்தன. ஆச்சி மாதாமாதம் வாங்கும் சிலிண்டரிலும் அந்த 18 வீதம் இருக்கிறது.

வரி போதாதபோது கடன் வாங்கப்படுகிறது. போர் முடிந்து இரண்டே மாதங்களில், 2009 ஜூலையில், சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து சுமார் 2.6 பில்லியன் டொலர் கடனுக்கு அங்கீகாரம் கிடைத்தது. உலகப் பொருளாதார நெருக்கடி ஒருபுறமும் போர்ச் செலவு மறுபுறமும் வெளிநாட்டு நாணயக் கையிருப்பைக் கரைத்திருந்தன. 2023 மார்ச்சில் அதே நிதியத்திடம் மீண்டும் சுமார் 3 பில்லியன் டொலருக்குப் போனோம்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் ஒரு நெருக்கடி உண்டு. அதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 382 பில்லியன் மீண்டெழும் செலவு. அதாவது சம்பளம், சாப்பாடு, எரிபொருள் போன்றவை. புதிய தளபாடம், கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு மிஞ்சியது 60 பில்லியன்தான். நூறு ரூபாயில் 86 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போய்விடுகிறது. ஆட்களைக் குறைக்காமல் தளபாடங்களைப் புதுப்பிக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இது அரசாங்கத்துக்கும் தெரியும். 2023 ஜனவரியில், இரண்டு இலட்சத்துக்குச் சற்று அதிகமான அங்கீகரிக்கப்பட்ட இராணுவ ஆளணியை 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைப்பதாகப் பாதுகாப்புத் தரப்பு அறிவித்தது. ஆனால் விலகும் சிப்பாய் ஓய்வூதியக்காரராகிறார். செலவு உடனே மறைவதில்லை.

இன்னொரு வழி நன்கொடை. அமெரிக்கக் கரையோரக் காவற்படை பயன்படுத்தி முடித்த கப்பல்கள் 2004, 2018, 2021 ஆம் ஆண்டுகளில் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டன. மூன்றும் 1960 களின் கடைசியிலும் 1970 களின் தொடக்கத்திலும் சேவைக்கு வந்தவை. சீனாவும் 2019 இல் ஒரு கப்பல் கொடுத்தது. 2022 இல் இந்தியா டோனியர் விமானம் ஒன்றைத் தந்தது. இனாமாகக் கிடைத்த பழைய காரை வைத்திருப்பவருக்குத் தெரியும், கராஜ் செலவு இனாமாகக் கிடைப்பதில்லை. கொடுத்த நாட்டுக்கு ஒரு நன்றிக்கடனும் சேர்கிறது.

கணக்குக் கேட்பதும் இங்கே இலகுவானதல்ல. 2006 இல் உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கியதில் முறைகேடு நடந்ததென்று சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க தன் பத்திரிகையில் எழுதினார். 2009 ஜனவரி 8 ஆம் திகதி அவர் கொல்லப்பட்டார். அந்தக் கொள்வனவு பற்றிய விசாரணை பல ஆண்டுகளாக இழுபட்டது. ‘தேசிய பாதுகாப்பு’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பற்றுச்சீட்டை ஒளித்துவைப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு இது ஒரு பாடம்.

கடைசியாக, யாரும் கணக்கில் சேர்க்காத ஒரு செலவு இருக்கிறது. ஆயுதம் விட்டுச்சென்றதைத் துப்பரவாக்கும் செலவு. இரு தரப்பும் புதைத்த கண்ணிவெடிகள் வன்னி மண்ணில் இன்னும் அகற்றப்பட்டு வருகின்றன. கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் 2017 இல் இணைந்த இலங்கைக்கு 2028 ஜூன் வரை காலக்கெடு உண்டு. அந்த வேலையின் பெரும்பகுதி வெளிநாட்டு உதவிப் பணத்தில் நடக்கிறது. போர் விமானத்தைப் புதுப்பிக்கத் திறைசேரியில் பணம் தேடப்படுகிறது. வெடி அகற்றுவதற்கு வெளிநாட்டு நன்கொடையை எதிர்பார்த்திருக்கிறோம்.

ஆக, ஒரு விமானத்துக்கு நாங்கள் வாங்கும்போது ஒரு தடவை, பராமரிக்கும்போது பல தடவை, கடனுக்கு வட்டியாக இன்னொரு தடவை காசு கட்டுகிறோம். போர் நடந்த மண்ணில் இருப்பவர்கள் அதைத் துப்பரவாகும் வரை காத்திருந்தும் கட்டுகிறார்கள்.

எந்த நாட்டுக்கும் பாதுகாப்புத் தேவைதான். கடலைக் காக்கவும் வெள்ளத்தில் ஆட்களை மீட்கவும் கப்பலும் ஹெலிகொப்டரும் வேண்டும். அதனால் ஒன்றும் வாங்காதே என்பதல்ல நான் சொல்வது. எங்கள் வாக்கில் பாராளுமன்றம் போனவர்கள் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீடு விவாதத்துக்கு வரும்போது உணர்ச்சியாகப் பேசுவதோடு நில்லாமல் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இதற்கு வாழ்நாள் முழுவதும் எவ்வளவு செலவாகும்? எந்த நாணயத்தில்? அதே தொகையில் கண்ணிவெடி அகற்றவும் எடுத்த காணியைத் திருப்பிக் கொடுக்கவும் எவ்வளவு?

ஆச்சியின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அது உங்கட காசுதான் ஆச்சி. அதனாலே கேட்கிற உரிமையும் உங்களுக்குத்தான்.