பழைய கார் திணறுதா? புது கார் லோனுக்கு முன்னாடி இந்த 5 சோதனை!

உங்க பத்து வருஷ பெட்ரோல் கார் மேம்பாலம் ஏறவே திணறுதா? உடனே புதுசு வாங்கத் தோணும். ஆனா 8 லட்சம் கடன், 9.5% வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ மாசம் சுமார் 16,800 ரூபாய்! அதனால செலவு குறைஞ்ச சோதனையிலிருந்து ஆரம்பிங்க.

1. டயர் காத்து: டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கிற அளவுக்குக் குறைஞ்சா மைலேஜ் போகும்.

2. ஏர் ஃபில்டர்: அழுக்கு அடைச்சிருந்தா பிக்கப் குறையும்.

3. பிரேக்: கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துங்க. ஒரு வீல்கிட்ட மட்டும் சூடு அதிகமா அடிச்சா, அங்க பிரேக் விடாம பிடிச்சிட்டு இருக்கலாம். வீலைத் தொடாதீங்க!

4. கிளட்ச்: ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலைன்னா கிளட்ச் தேய்ஞ்சிருக்கலாம்.

5. ஸ்கேன்: செக் எஞ்சின் லைட் எரிஞ்சா கோட் என்னன்னு கேளுங்க. கோட் ஒரு துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை. மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங்னு வந்தா, அதோட இக்னிஷன் காயிலை ரெண்டாவதுக்கு மாத்திப் பார்க்கச் சொல்லுங்க. மிஸ்ஸிங்கும் ரெண்டாவதுக்கு நகர்ந்தா, காயில்தான் குற்றவாளி. நகரலைன்னா பிளக், இன்ஜெக்டரைப் பார்க்கணும்.

சோதிக்காம "மாத்திடலாம் சார்"னு சொன்னா தலையாட்டாதீங்க. கம்ப்ரஷன் டெஸ்ட்லயும் எஞ்சின் தேய்ஞ்சிருக்குன்னு உறுதியானா, அப்புறம் புது கார் கணக்கைப் போடலாம்.