பழைய மகிழுந்தின் மேனி சீரமைப்பு

முன்னுரை

பழுதுற்ற பொருளைச் செப்பனிட்டு மீண்டும் பயன்கொள்ளுதல் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஓட்டை விழுந்த குடத்தை ஒக்கிட்டும், பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசியும் தலைமுறை தாண்டிப் பயன்படுத்தினோம். அவ்வழக்கம் இன்று மகிழுந்து வரை நீண்டுள்ளது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசடர் மகிழுந்துகள் சில, இன்றும் நம் வீட்டு முற்றங்களில் நிற்கின்றன. அவற்றை விற்க மனமில்லாதோர் தாமே செப்பனிட முனைகின்றனர். அம்முயற்சியில் கொள்ளத் தக்கனவும் தள்ளத் தக்கனவும் எவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

மேனியே எலும்பு

லாரியில் அடிச்சட்டம் வேறு, மேற்கூடு வேறு. அம்பாசடரின் அமைப்பு அத்தகையதன்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை மகிழுந்தை அடியொற்றிய இவ்வண்டியில் தனி அடிச்சட்டம் இல்லை. மடித்து ஒன்றோடொன்று பற்றவைத்த தகட்டுக் கூடே முழு எடையையும் தாங்குகின்றது. ஆதலால் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதியும், கால் வைக்கும் தளத்தகடும் துருவேறினால் அழகு மட்டும் குன்றுவதில்லை. வண்டியின் வலிமையே குன்றுகின்றது. மோதல் நேருங்கால் உள்ளிருப்போரைக் காக்க வேண்டியதும் இக்கூடே அன்றோ!

துருவின் இயல்பு

இரும்பு, நீர், உயிர்வளி மூன்றும் கூடுமிடத்தில் துரு பிறக்கின்றது. உப்பு அதனை விரைவுபடுத்துகின்றது. கடற்கரை ஊர்களில் வண்டிகள் விரைந்து கெடுவது இதனால்தான். துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. எனவே வண்ணப்பூச்சைக் கொப்புளமாக மேலே தள்ளுகின்றது. வெளியே காசளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கையளவு தகடு அரிக்கப்பட்டிருத்தல் கூடும்.

நீர் புகும் வழியை அறிவது முதற்கடமை. கண்ணாடிகளைச் சுற்றிய ரப்பர் இறுகிப்போனால், மழைநீர் கசிந்து தரைவிரிப்பின் கீழ்த் தேங்கும். கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் மண்ணால் அடைபட்டால், கதவே நீர்த்தொட்டியாகிவிடும். இவற்றைச் சரிசெய்யாமல் தகட்டை மட்டும் மாற்றுதல் பயனற்றது.

யான் கண்டது

எங்கள் தந்தையார் வாங்கிய அம்பாசடரை, ஒருமுறை ஒரு பட்டறையில் விட்டு வண்ணம் பூசி வாங்கினோம். கண்டோர் வியக்கும்படி பளபளத்தது. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் பின்கதவின் கீழே கொப்புளங்கள் தோன்றின. திருப்புளியால் மெல்லக் குத்தினேன். அது பிடிவரை உள்ளே சென்றது. துருவேறிய துளைக்குள் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் பட்டி தடவி வண்ணம் பூசியிருந்தனர். குடும்பத்தினர் எழுவரும் அவ்வண்டியில்தான் நெடுந்தொலைவு சென்று வந்துகொண்டிருந்தோம். அன்று எழுந்த அச்சமே இக்கலையைக் கற்கத் தூண்டியது.

செய்முறை

முதலில் ஒரு காந்தத்தை மேனியெங்கும் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஒட்டாத இடத்தில் பட்டி தடித்திருக்கிறது என அறியலாம். தரைவிரிப்பை அகற்றித் தளத்தையும் தட்டிப் பார்த்தல் வேண்டும்.

மேலோட்டமான துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைப் பூசினால் எஞ்சியது இரும்புப் பாஸ்பேட்டாக மாறும். துளை விழுந்த தகட்டிற்கு மருந்து இல்லை. நல்ல தகடு தெரியும்வரை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். தகடு மெல்லியதாகையால், ஒரே இழுப்பில் பற்றவைத்தால் வெப்பத்தால் நெளியும். சிறு சிறு புள்ளிகளாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைத்தல் நன்று. வலிமை தாங்கும் பகுதிகளில் இப்பணியைத் தேர்ந்த வெல்டிங் தொழிலாளரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. அடுத்து எபாக்சி பிரைமர் பூச வேண்டும்.

பட்டி என்பது பாலியெஸ்டர் பசையும் மாவுக்கல் தூளும் கலந்தது. கடினமாக்கியைச் சேர்த்ததும் சில நிமிடங்களில் இறுகுவது. மேடுபள்ளத்தைச் சமன்செய்யவே அது உதவும், துளையை அடைப்பதற்கன்று. நீரை உறிஞ்சும் இயல்புடையதால் வெற்றுத் தகட்டில் தடித்துப் பூசினால் துருவுக்கு அதுவே இருப்பிடமாகும். நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய பின், 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் தடவுதல் போதும். 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 320 எனப் படிப்படியாக மென்மையான தாளுக்குச் செல்ல வேண்டும். கண்ணைவிட உள்ளங்கையே மேடுபள்ளத்தை நன்கு உணரும்.

காத்துக்கொள்ளும் முறை

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைதல் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். பற்றவைக்கும் முன் மின்கலத்தின் இணைப்பை நீக்கி, எரிபொருள் தொட்டியையும் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். பழைய வண்ணத்தில் காரீயம் இருத்தல் கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அத்தூள் சிறுவர்க்கு நஞ்சாகும். ஆகவே அதனை நனைத்தே தேய்த்தல் வேண்டும். இருகூட்டு வண்ணங்களில் உள்ள ஐசோசயனேட் மூச்சிரைப்பு நோயைத் தரவல்லது. அதற்குச் சாதாரணத் துணி முகமூடி காப்பாகாது. இறுதி வண்ணத்தை உரிய கூடமுள்ள பட்டறையில் அடிப்பதே நலம். நிறத்தை மாற்ற விழைவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

எங்கள் வண்டியைச் செப்பனிட ஓராண்டிற்கு மேலாயிற்று. அதில் வண்ணத்திற்குச் செலவானவை சில நாட்களே. மற்றவை யாவும் எவர் கண்ணிலும் படாத இடங்களுக்கே செலவாயின. இன்றும் அதன் ஒரு கதவில் வண்ணம் சற்றே வேறுபட்டுத் தெரிகின்றது. அதனைக் குறையாக எண்ணுவதில்லை; அதன் கீழுள்ள தகடு உறுதியானது என்பதை யான் அறிவேன். குறையை மறைத்தல் வேறு, களைதல் வேறு. மறைத்த குறை அடுத்த மழையில் வெளிப்படும். அதற்குள் அவ்வண்டியை நம்பி ஏறியவர் எத்தனை பேரோ! கைத்தொழில் எதுவாயினும், கற்கும் மாணவர்கள் முதலில் கைக்கொள்ள வேண்டியது இந்த நேர்மையே ஆகும்.